காய்ச்சல் விட்ட பின்னும் தேறாத மூச்சு: கடும் இன்புளுவென்சா சுவாசவழியில் விட்டுச்செல்வது என்ன?

திருகோணமலை மாவட்டத்தில் மாரி தொடங்கியதும் காய்ச்சலும் இருமலும் வீட்டுக்கு வீடு பரவுவது ஆண்டுதோறும் நடப்பதுதான். குழப்பம் அதற்குப் பின்னரே தொடங்குகிறது. காய்ச்சல் நான்கைந்து நாளில் விட்டுவிடுகிறது, உடம்பு உளைவும் அடங்கிவிடுகிறது; ஆனால் இருமல் மூன்றாம் வாரம், ஐந்தாம் வாரம் என்று நீள்கிறது, படியேறினால் மூச்சு வாங்குகிறது, இரவில் படுத்தால் நெஞ்சுக்குள் கீச்சொலி கேட்கிறது. நியூமோனியாவாகி, வைத்தியசாலையில் ஒட்சிசன் வைத்துப் பிழைத்து வந்தவர்களுக்கு இந்த நிலை மாதக்கணக்கில் நீடிப்பதும் உண்டு. வைரசு இன்னும் உடம்பில் இருக்கிறதா, கொடுத்த மருந்து போதவில்லையா, காசநோயாக இருக்குமா, இனி வாழ்நாள் முழுவதும் தொய்வுதானா (ஆஸ்துமாதானா) என்ற கேள்விகள் அப்போது எழுகின்றன. பதில் கிடைக்காத நிலையில் சிலர் ஃபார்மசிக்கு ஃபார்மசி அலைந்து பாணி மருந்தை மாற்றி மாற்றிக் குடிக்கிறார்கள். வேறு சிலர், உடனே காட்ட வேண்டிய நோயைக்கூடக் காய்ச்சலின் மிச்சம் என்று எண்ணிப் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு தவறுகளுக்கும் வேர் ஒன்றே: காய்ச்சல் விட்ட நாளையே நோய் முடிந்த நாளாகக் கொள்கிறோம். சுவாசவழி ஆறுவதற்குத் தனியான காலக்கணக்கு இருக்கிறது. எதுவரை பொறுக்கலாம், எதைப் பொறுக்கக் கூடாது என்பதை அந்தக் கணக்கைக் கொண்டுதான் பிரித்தறிய முடியும்.

## தடிமன், இன்புளுவென்சா, நியூமோனியா

இச்சொற்கள் பேச்சில் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக வழங்குகின்றன. தடிமனைப் பலவகை வைரசுகள் உண்டாக்குகின்றன. மூக்கோட்டமும் தும்மலும் அதில் முதன்மையானவை. பெரும்பாலும் அது மூக்கோடும் தொண்டையோடும் நின்றுவிடும். இன்புளுவென்சா என்பது ஏ, பி எனும் வகைகளைச் சேர்ந்த குறிப்பிட்ட வைரசுகளால் வருவது. தொற்றிய 1 முதல் 4 நாட்களுக்குள், கடும் காய்ச்சல், தலையிடி, தசைநோ, வரட்டு இருமல் எல்லாம் ஒருசேரத் தாக்கி ஆளைப் படுக்கையில் போட்டுவிடுவது அதன் இயல்பு. 2009இல் உலகெங்கும் பரவிய எச்1என்1 வைரசு, பின்னர் ஆண்டுதோறும் வந்துபோகும் பருவகால வைரசுகளுள் ஒன்றாகிவிட்டது.

நியூமோனியா என்பது சுவாசப்பையின், அதாவது நுரையீரலின், காற்றுச் சிற்றறைகளில் அழற்சி ஏற்பட்டு நீர்மம் நிறைந்துவிடும் நிலை. இன்புளுவென்சாவில் அது இரு வழிகளில் வருகிறது. வைரசே கீழிறங்கிச் சிற்றறைகளைத் தாக்குவது ஒன்று. வைரசு புண்ணாக்கிய பாதையில் பற்றீரியா குடியேறுவது மற்றொன்று. இதில் நோயாளி ஓரிரு நாள் தேறியதுபோல் இருந்து, மறுபடியும் காய்ச்சலும் நிறம் மாறிய சளியும் நெஞ்சு நோவுமாக விழுவார். 1918ஆம் ஆண்டின் பெருந்தொற்றில் இறந்தவர்களுள் பெரும்பாலானோர் இந்த இரண்டாம் வகை நியூமோனியாவால்தான் இறந்தனர் என்பது பிற்கால ஆய்வுகளில் தெரியவந்தது. ஆகவே விட்ட காய்ச்சல் திரும்பி வருவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

## காற்றுவழிக்குள் நடந்தது

பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் படித்த 'பிசிர்' என்ற சொல்லை இங்கே நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். மூக்கிலிருந்து சுவாசப்பைச் சிறுகுழாய்கள் வரை உட்பரப்பை மூடியிருக்கும் கலங்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பிசிர்கள் அடர்ந்து நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு செக்கனுக்குப் பத்துத் தடவைக்கு மேல் அடிக்கிறது. காற்றோடு உள்ளே போன தூசும் நுண்ணங்கியும் ஒட்டிக்கொண்ட சீதப் படலத்தை, நாற்றைக் காற்று அலையலையாகச் சாய்ப்பதுபோல் இவை ஒரே திசையில் சாய்ந்து சாய்ந்து தொண்டை வரை ஏற்றிவிடுகின்றன. நாம் அறியாமலே அதை விழுங்கிவிடுகிறோம். சுகதேகியாக உள்ளவர் இருமாமலே தம் சுவாசப்பையைத் துப்புரவாக வைத்திருப்பது இப்படித்தான்.

இன்புளுவென்சா வைரசு புகுந்து பெருகுவது இந்தக் கலங்களுக்குள்ளேயே. பெருகியபின் அவை மடிந்து உதிர்ந்துவிடுகின்றன. சில இடங்களில் அடியிலுள்ள கலப்படை மட்டும் எஞ்சி நிற்கிறது. இதிலிருந்து மூன்று விளைவுகள் வருகின்றன.

1. பிசிர் இல்லாத இடத்தில் சீதம் தேங்குகிறது. அதை வெளியேற்ற இருமல் ஒன்றே வழி. ஆகவே இந்தக் கட்டத்தில் சளியோடு வரும் இருமல் உடம்பு செய்யும் வேலை. அதை மருந்தால் முற்றாக அடக்குவது நல்லதன்று.

2. மேலணி, அதாவது பாதையை மூடியிருந்த கலப்படை, உதிர்ந்த இடத்தில் நரம்பு முனைகள் காப்பின்றிக் கிடக்கின்றன, அழற்சி அவற்றை மேலும் கூசவைக்கிறது. இந்நிலையில் உள்ள ஒருவரைச் சமையலறையில் பார்த்தால் விளங்கும். செத்தல் மிளகாய் தாளிதத்தில் விழுந்த அந்தக் கணமே, வீட்டில் மற்றவர் தும்முவதற்கு முன்னரே, அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரும்வரை இருமுவார். குளிர்ந்த நீர், விசிறிக் காற்று, உரத்த சிரிப்பு, நீண்ட தொலைபேசி உரையாடல் ஆகியனவும் அதையே செய்யும். புதிதாக எதுவும் தொற்றவில்லை. வாசற்காவல் அளவுக்கு மீறி விழித்திருக்கிறது.

3. குழாய்களைச் சுற்றியுள்ள தசை சிறு தூண்டலுக்கும் இறுகுகிறது. குழாய் ஒடுங்குவதால் கீச்சொலியும் முட்டும் வருகின்றன.

உதிர்ந்த கலங்களின் இடத்தில் சில நாட்களிலேயே புதியன முளைக்கத் தொடங்கும். ஆனால் அவை முதிர்ந்து, பிசிர் விட்டு, முன்போல் ஒரே தாளத்தில் அடிக்கப் பல வாரங்கள் செல்லும். வைரசோ அதற்கு வெகுமுன்னரே போய்விடுகிறது. வளர்ந்தவர்களிடமிருந்து அது பெரும்பாலும் நோய் தொடங்கி 5 முதல் 7 நாட்கள் வரையே வெளியேறும். சிறுவர்களிலும் நிர்ப்பீடனம் (நோயெதிர்ப்புச் சக்தி) குன்றியவர்களிலும் சற்றுக் கூடுதல். ஆகவே நான்காம் வாரத்தில் இருமிக்கொண்டிருக்கும் ஒருவர், வேறு புதிய தொற்று இல்லையெனில், இன்புளுவென்சாவைப் பரப்புவதில்லை. அவரைப் பஸ்ஸிலும் வேலைத்தலத்திலும் ஒதுக்கிவைப்பதற்கு நியாயம் கிடையாது.

## காலக்கணக்கு

வளர்ந்தவர்களின் இருமலை வைத்தியம் மூன்றாகப் பிரிக்கிறது. 3 வாரத்துக்கு உட்பட்டது உடனடி இருமல். 3 முதல் 8 வாரம் வரை நீள்வது இடைநிலை இருமல். தொற்றுக்குப் பின்னான இருமல் பெரும்பாலும் இதற்குள் அடங்கும். 8 வாரத்தைத் தாண்டியது நாட்பட்ட இருமல்; அதைக் காய்ச்சலின் மிச்சம் என்று சொல்லி விடமுடியாது, காரணம் தேடியாக வேண்டும். சிறுவர்களுக்கு அந்த எல்லை 4 வாரமே.

நியூமோனியா வரை போனவர்களின் கணக்கு நீளமானது. ஒரு வாரத்தில் காய்ச்சல் விட வேண்டும். 4 வாரமளவில் நெஞ்சு நோவும் சளியும் நன்றாகக் குறைய வேண்டும். 6 வாரமளவில் இருமலும் மூச்சு வாங்கலும் பெருமளவு அடங்க வேண்டும். 3 மாதமாகும்போது எஞ்சியிருக்கக்கூடியது களைப்பு மட்டுமே. பெரும்பாலானோர் 6 மாதத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிடுவர். எக்ஸ்ரேயில் தெரியும் வெள்ளைப் படலம் ஆள் தேறிய பின்னும் சில வாரம் தங்கியிருக்கும். முதியவர்களில் 12 வாரம் வரை செல்லலாம். புகைப்பவர்களும் 50 வயதைத் தாண்டியவர்களும் 6 வாரமளவில் எக்ஸ்ரேயை மறுபடி எடுத்துப் பார்ப்பது முக்கியம். அந்தப் படலத்துக்குப் பின்னால் புற்றுநோய்க் கட்டி மறைந்திருந்து, முதன்முதலாக நியூமோனியாவாக வெளிப்பட்ட நோயாளிகள் உண்டு.

தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசம் கொடுக்கப்பட்டவர்களில் சுவாசப்பையின் கொள்ளளவு பொதுவாக 6 முதல் 12 மாதங்களில் இயல்புக்கு அண்மையாக வந்துவிடுகிறது. அப்படியிருந்தும் அவர்களால் முன்போல் நடக்க முடிவதில்லை. காரணத்தைச் சுவாசப்பையில் தேடிப் பயனில்லை. படுக்கையில் கிடந்த நாட்களில் தொடைத் தசையும் மூச்சை இழுக்கும் தசைகளும் கரைந்துவிட்டன. தளர்ந்த தசை சிறு வேலைக்கும் கூடுதல் ஒட்சிசன் கேட்கும், மூச்சு வாங்கும். எக்ஸ்ரே சுத்தம் என்று வைத்தியர் சொல்ல, தனக்கு மூச்சு வாங்குகிறது என்று நோயாளி சொல்ல, வீட்டார் இதை மனப்பயம் என்று முடிவுகட்டிவிடும் கொடுமை இங்கேதான் நடக்கிறது. இருவர் சொல்வதும் உண்மை.

கணக்கில் கவனிக்க வேண்டியது நாட்களின் எண்ணிக்கையை மட்டுமன்று, போகும் திசையையும்தான். இன்றையும் நேற்றையும் ஒப்பிட்டால் குழப்பமே மிஞ்சும், ஏனெனில் தேறும் காலத்தில் நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறி வரும். இந்த ஞாயிறையும் சென்ற ஞாயிறையும் ஒப்பிட வேண்டும். வாரத்துக்கு வாரம் குறையும் இருமல் ஐந்தாம் வாரத்திலும் பயத்துக்குரியதன்று. வாரத்துக்கு வாரம் கூடும் இருமல் இரண்டாம் வாரத்திலேயே காட்டப்பட வேண்டியது.

## ஒரே இருமல், வெவ்வேறு காரணங்கள்

மேலே சொன்ன ஆறிவரும் பாதையின் இருமலே மிகப் பெரும்பாலானோருக்கு உரியது. அதுதான் என்று தீர்மானிப்பதற்கு முன் வேறு சிலவற்றை விலக்க வேண்டும்.

1. தொய்வு. முன்பே தொய்வு உள்ளவருக்கு இன்புளுவென்சா அதைக் கிளப்பிவிடும். சிறுவயதில் இருந்து மறைந்துபோன முட்டு நாற்பது வயதில் திரும்பி வருவதும் இப்படியொரு காய்ச்சலுக்குப் பின்தான். பின்னிரவிலும் விடியற்காலையிலும் கூடும் இருமல், கீச்சொலி, பம்ப் (மருந்தை உள்ளிழுக்கும் கருவி) எடுத்ததும் கிடைக்கும் சுகம் ஆகியன அடையாளங்கள். ஊதிப் பார்க்கும் சுவாசப் பரிசோதனையை மருந்துக்கு முன்னும் பின்னும் செய்தால் உறுதிப்படுத்தலாம். தொய்வு என்ற பெயருக்கு அஞ்சிப் பம்பைத் தவிர்ப்பவர்கள் நம்மிடையே அதிகம். பம்ப் எடுத்தால் அதற்கே பழகிவிடும் என்ற நம்பிக்கை பிழையானது. உள்ளிழுக்கும் மருந்து தேவையான இடத்துக்கு மிகக் குறைந்த அளவில் நேரே போகிறது. அதே மருந்தைக் குளிசையாக விழுங்கினால் உடம்பு முழுவதும் சுற்ற வேண்டியிருக்கும்.

2. பிரஷர் குளிசை. எனலாப்ரில், லிசினோப்ரில், கப்டோப்ரில் ஆகிய குளிசைகள் சிலருக்குத் தொண்டை அரிப்போடு கூடிய வரட்டு இருமலைத் தரும். காய்ச்சலின்போது தொடங்கிய இருமல் இந்தக் குளிசையால் நீளலாம். கிளினிக்கில் சொன்னால் லொசாற்றான் போன்ற வேறொன்றுக்கு மாற்றுவார்கள். தாமாக நிறுத்தக் கூடாது.

3. மூக்கின் பின்வழியாக வடியும் சளியும் இரைப்பை அமிலமும். படுத்தவுடன் கூடும் இருமலுக்கு இவையிரண்டும் பொதுவான காரணங்கள்.

4. இதயம். 2018இல் வெளியான கனடாவின் ஒன்ராறியோ மாகாண ஆய்வொன்றில், இன்புளுவென்சா உறுதிசெய்யப்பட்ட முதல் 7 நாட்களில் மாரடைப்பு ஏற்படும் வீதம் மற்றக் காலத்தைவிட ஏறத்தாழ 6 மடங்காக இருந்தது. மட்டமாகப் படுக்க முடியாமல் தலையணையை உயர்த்திக்கொண்டே போவதும், இரு காலும் வீங்குவதும் இதயத்தின் குறிகள். இருமல் பாணி அதற்கு மருந்தன்று. நீண்டநாள் படுக்கைக்குப் பின் ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கி நொந்து, திடீரென மூச்சு முட்டினால், காலில் உறைந்த இரத்தக் கட்டி சுவாசப்பைக்குப் போயிருக்கக் கூடும்.

5. மெலியோடொசிஸ். இலங்கையின் ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பற்றீரியாவால் வரும் நோய், மழைக்காலத்தில் கூடும், வயலில் இறங்குபவர்களையும், குறிப்பாக நீரிழிவு உள்ளவர்களையும் பிடிக்கும், நியூமோனியாவைப் போலவும் காசநோயைப் போலவும் தோன்றும். வழக்கமாகக் கொடுக்கும் பல அன்டிபயோட்டிக்குகளுக்கு அது மசியாது. தம்பலகாமம், கந்தளாய், மூதூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் நீரிழிவோடு இருந்து, காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது என்றால், தாம் வயலில் வேலை செய்வதை வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த ஒரு தகவலே சரியான இரத்தப் பரிசோதனைக்கு வழிகாட்டும்.

சுவாசப்பையில் நிரந்தர வடு விழுவது கடுமையாகத் தாக்கப்பட்ட சிலருக்கே நேர்கிறது. நடக்கும்போது ஒட்சிசன் அளவு இறங்குவதும், மாதங்கள் சென்றும் மூச்சு வாங்கல் குறையாததும் அதைச் சந்தேகிக்க இடம் தருவன. அதற்குச் சீ.ரீ. ஸ்கேன் தேவைப்படும்.

## இரண்டு வாரமா, எட்டு வாரமா?

இங்கே ஒரு முரண்பாடு தோன்றும். தொற்றுக்குப் பின்னான இருமல் 8 வாரம் வரை இயல்பு என்கிறோம். ஆனால் 2 வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைச் சோதிக்கும்படி நாட்டின் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் கூறுகிறது. எதைக் கேட்பது?

இரண்டையும் கேட்கலாம். முதலாவது, ஒருவருக்கு எது பெரும்பாலும் நடக்கும் என்பதைச் சொல்கிறது. இரண்டாவது, தவறவிட்டால் வீடு முழுவதையும் தொற்றக்கூடிய ஒரு நோயை எந்தக் கட்டத்தில் விலக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. சளிப் பரிசோதனை அரச மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இலவசம். காசநோய் கண்டால் குறைந்தது 6 மாத மருந்தும் இலவசம். ஒழுங்காக எடுத்தால் முற்றாகக் குணமாகும். பரிசோதனையில் இல்லை என்று வந்தால், மீதி வாரங்களை நிம்மதியோடு கழிக்கலாம். சளிப் பரிசோதனைக்குப் போவதைக் கண்டு அயலவர் என்ன நினைப்பார்களோ என்று தயங்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. மெலிவு, இரவு வியர்வை, மாலையில் ஏறும் காய்ச்சல், சளியில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தத் தயக்கத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது.

அன்டிபயோட்டிக் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆறிவரும் பாதையின் இருமலில் கொல்வதற்குப் பற்றீரியா எதுவும் இல்லை. சளி மஞ்சளாக இருப்பது மட்டும் பற்றீரியாவுக்குச் சான்றாகாது. அழற்சிக் கலங்களின் கழிவும் அந்த நிறத்தைத் தரும். முன்னைய மருந்துச் சீட்டைக் காட்டி இரண்டாம், மூன்றாம் தடவை வாங்கி விழுங்குவதால் இருமல் ஒரு நாளும் முந்தி நிற்காது. சில வகை மருந்துகள் காசநோயின் அடையாளங்களைத் தற்காலிகமாக அமுக்கி, கண்டுபிடிப்பைப் பிந்தவும் வைக்கும். ஒசெல்டாமிவிர் எனும் வைரசு எதிர்ப்பு மருந்தும் நோய் தொடங்கி 48 மணித்தியாலத்துக்குள் கொடுக்கும்போதே நல்ல பயன் தருவது. எஞ்சிய இருமலுக்கு உதவாது.

## திருகோணமலையின் இரு பருவங்களும் காற்றும்

இலங்கையில் இன்புளுவென்சா ஆண்டு முழுவதும் காணப்பட்டாலும் இரு தடவை உச்சம் தொடுகிறது: ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒன்று, நவம்பர் முதல் ஜனவரி வரை மற்றொன்று. கொழும்பில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையம் மாதிரிகளைச் சோதித்து வைரசின் வகையைக் கண்டறிகிறது. இந்தப் பருவங்களை எமது மாவட்டத்தின் காலநிலையோடு சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். இரண்டு உச்சங்களுக்கும் பின்னர் வரும் தேறும் காலம், இங்கே காற்று கெட்டிருக்கும் காலமாகவே அமைகிறது.

முதல் உச்சத்தில் நோயுற்றவர் தேறும் வாரங்களில் கச்சான் காற்று வீசுகிறது. மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு, காய்ந்து, சூடேறி, புழுதியோடு வரும் அந்தக் காற்று ஏற்கெனவே வரண்ட தொண்டையை மேலும் வரட்டுகிறது. காணிகளில் சருகு கொளுத்துவதும் அப்போதுதான். இரண்டாவது உச்சத்தில் வாடையும் ஈரமும். கதவு சன்னல் சாத்திய அறையில் நுளம்புச் சுருள் புகைகிறது, ஈரச் சுவரில் பூஞ்சணம் பிடிக்கிறது, நனைந்த விறகு அடுப்பில் கண்ணெரியப் புகைகிறது. 2022இல் எரிவாயுத் தட்டுப்பாட்டின்போது விறகுக்குத் திரும்பிய வீடுகள் பல. அதே ஆண்டு டிசம்பரில் மாண்டஸ் புயலை ஒட்டி, வடக்கேயிருந்து கடல் கடந்து வந்த மாசுப் புகை மண்டலம் நாட்டின் பல பகுதிகளை மூடியது நினைவிருக்கும். கிழக்கில் கால்நடைகள் குளிரில் இறந்ததும் அந்த நாட்களில்தான்.

பிசிர் இழந்த சுவாசவழிக்கு இந்தக் காற்றே முதல் எதிரி. ஆகவே தேறும் வாரங்களில் வீட்டார் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, மருந்து வாங்கிக் கொடுப்பதைவிட, புகையை அகற்றுவது. நோயாளி படுக்கும் அறையில் சுருளுக்குப் பதில் வலை கட்டலாம். சாம்பிராணியைச் சில வாரம் முற்றத்தோடு நிறுத்தலாம். அடுப்படிப் பொறுப்பை வேறொருவர் ஏற்கலாம். பெரும்பாலான வீடுகளில் காய்ச்சலால் விழுந்து எழுந்த தாய், மூன்றாம் நாளே விறகடுப்பின் முன் குந்தியிருக்கிறார். அவருடைய இருமல் நிற்கவில்லையே என்று கவலைப்படும் குடும்பம் முதலில் பார்க்க வேண்டியது அந்த அடுப்பைத்தான்.

தொழிலும் அப்படியே. நெல் ஆலையின் உமித்தூசு, சீமெந்துத் தூசு, மாத்தூசு ஆகியவற்றில் வேலை செய்பவர் வேலைக்குத் திரும்பும்போது துணியைக் கட்டிக்கொள்வது போதாது. முகத்தில் இறுகப் பொருந்தும் வடிகட்டி முகக்கவசம் வேண்டும். சிலிண்டர் கட்டிக் கடலில் மூழ்குபவர்களுக்கு எச்சரிக்கை இன்னும் கடுமையானது. சளியோ தசை இறுக்கமோ அடைத்த சிறுகுழாய்க்குப் பின்னால் சிறைப்பட்ட காற்று, மேலே வரும்போது விரிவடைந்து சுவாசப்பையைக் கிழிக்கலாம். குருதிக்குள் புகுந்து உயிரையும் எடுக்கலாம். கீச்சொலியோ இருமலோ எஞ்சியிருக்கும்வரை, வைத்தியர் பார்த்து அனுமதிக்கும்வரை, மூழ்கவே கூடாது.

## மூச்சையும் நடையையும் மீட்பது

மூச்சு வாங்கும்போது நிமிர்ந்து நின்று வாயால் அள்ளி விழுங்குவதே எவருக்கும் இயல்பாக வரும். அது நிலைமையை மோசமாக்கும். கதிரையில் அமர்ந்து, சற்று முன்னே சாய்ந்து, இரு முழங்கைகளையும் தொடையில் ஊன்றிக்கொண்டால் தோள்பட்டைத் தசைகளின் பாரம் இறங்கி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள பிரிமென்றகடு எளிதாக அசையும். மூக்கால் இழுத்து, விளக்கை அணைக்காமல் சுடரை மட்டும் சாய்ப்பதுபோல் உதடு குவித்து, இழுத்த நேரத்தின் இருமடங்கு நேரம் ஊதிவிட வேண்டும். மெதுவாக ஊதும்போது சிறுகுழாய்கள் முந்தி மூடிக்கொள்ளாமல் திறந்து நிற்கின்றன. தேங்கிய சளியை எடுக்க, தொண்டை கிழிய இருமுவதைவிட, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் வாய் திறந்து 'ஹா' என்று இரண்டு மூன்று தடவை ஊதுவது களைப்பில்லாத வழி.

நடையை நாளுக்குச் சில நிமிடங்களில் தொடங்கிக் கூட்ட வேண்டும். நடந்துகொண்டே ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒரு தடவை மூச்சு முறிந்தால் கூடிவிட்டது. நகரத்தில் இருப்பவர்கள் உட்துறைமுகப் பக்கத்துச் சமதரை வீதியில் தொடங்கலாம். கடற்கரை மணலில் கால் புதைவதால் உழைப்பு அதிகம், அது பிந்தி வரட்டும். பிரெட்ரிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் வீதி இயற்கையாக அமைந்த ஓர் அளவுகோல். மான்கள் மேயும் நிழலில் முதல் வாரம் எத்தனை இடத்தில் நின்றோம், மூன்றாம் வாரம் எத்தனை என்று எண்ணினாலே தேறும் திசை தெரிந்துவிடும். ஒரு நாள் சுகமாக இருக்கிறதென்று முழுப் பாரமும் இழுத்துவிட்டு மறுநாள் கிடப்பதைவிட, தினமும் அளவாகச் செய்வதே தசையைக் கட்டும். கரைவலை இழுப்பவர்கள் கயிற்றைப் பிடிப்பதற்கு முன் இந்த ஏற்றத்தை நிற்காமல் ஏறிப் பார்க்கட்டும். உணவில் மீன், முட்டை, பருப்பு தாராளமாக இருக்க வேண்டும்; கரைந்த தசை கஞ்சியால் மட்டும் திரும்பாது.

பம்ப் எடுக்கும் முறையில் பிழைகள் மலிந்திருக்கின்றன. அழுத்தும் பம்பில் மூச்சை மெதுவாக, ஆழமாக இழுக்க வேண்டும். கப்சூலைத் துளைத்து எடுக்கும் தூள் கருவியில் வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். இரண்டிலும் இழுத்தபின் சுமார் 10 செக்கன் மூச்சை அடக்க வேண்டும். கருவிக்கென்று கொடுத்த கப்சூலைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்று வருபவர்களும் உண்டு. அழுத்தும் பம்புக்கும் வாய்க்கும் இடையில் ஸ்பேசர் குழாய் பொருத்தினால் தொண்டையில் படியும் மருந்து குறைந்து உள்ளே போவது கூடும். ஸ்டீரொயிட் வகைப் பம்ப் எடுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும்.

கொத்தமல்லி அவித்த தண்ணீரும் இஞ்சியும் தொண்டைக்கு இதமானவை. தேன் இரவு இருமலைச் சற்றுத் தணிக்கும், ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு அதைக் கொடுக்கக் கூடாது. வேது பிடிப்பது மூக்கடைப்பை நெகிழ்த்துவதோடு சரி. கொதிநீர்ப் பானை கவிழ்ந்து பிள்ளைகள் வெந்துபோவதை நினைத்தால், சிறுவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம். கன்னியா வெந்நீரில் குளிப்பது உடம்பு உளைவுக்கு இதம் தரலாம். சுவாசவழி ஆறுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

## பொறுத்திருக்கக் கூடாத குறிகள்

பின்வருவனவற்றில் ஒன்று கண்டாலும் கிளினிக் நாளை எதிர்பார்க்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 1990 இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

1. அமர்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குதல். வளர்ந்தவர் நிமிடத்துக்கு 30 தடவைக்கு மேல் மூச்சுவிடுதல். குழந்தைகளில் 2 மாதத்துக்குக் கீழ் 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40 என்ற அளவுகளை எட்டினாலே மிகை. விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினால் எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை.
2. உதடு அல்லது நாக்கு நீலம் பாரித்தல், தடுமாற்றம், எழுப்ப முடியாத தூக்கம்.
3. விரலில் மாட்டும் ஒக்சிமீட்டரில் ஒட்சிசன் அளவு 94 வீதத்துக்குக் கீழ் நின்றால் அன்றே காட்ட வேண்டும். 90க்குக் கீழ் என்றால் அவசரம். கை குளிர்ந்திருந்தாலோ நகத்தில் மருதாணி, பூச்சு இருந்தாலோ அளவு பிழைக்கும். வேறு விரலில் மறுபடி பார்க்கவும். நீண்டகாலப் புகைப்பழக்கத்தால் சுவாசப்பை கெட்டவர்களுக்கு வைத்தியர் சொல்லும் அளவே அளவு.
4. விட்ட காய்ச்சல் திரும்புதல், நெஞ்சு நோவு, சளியில் இரத்தம்.

## அடுத்த பருவத்துக்கு முன்

ஒருமுறை கடுமையாக விழுந்தவருக்கு மறுமுறை வராது என்பதில்லை. வைரசு ஆண்டுதோறும் தன் மேற்பரப்பைச் சற்று மாற்றிக்கொள்கிறது. அதற்கேற்ப உலக சுகாதார அமைப்பு ஆண்டுக்கு இரு தடவை, பெப்ரவரியிலும் செப்டெம்பரிலும், தடுப்பூசியில் எவ்வகைகள் இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. ஊசி போட்டு இரு வாரமளவில் பாதுகாப்பு உருவாகும். பொருத்தம் நன்றாக அமைந்த ஆண்டுகளில் அது நோயை 40 முதல் 60 வீதம் குறைக்கிறது; நோய் வந்தாலும் வைத்தியசாலை வரை போகும் வாய்ப்பைக் குறைக்கிறது. இலங்கையில் பிள்ளைகளுக்கு வழமையாகப் போடப்படும் இலவச ஊசிகளுள் இது இல்லை. விலை கொடுத்தே பெறவேண்டியிருக்கிறது. 65 வயதைத் தாண்டியவர், கர்ப்பிணிகள், தொய்வு, நீரிழிவு, இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள், ஏற்கெனவே நியூமோனியா கண்டவர்கள் ஆகியோருக்கு இந்தச் செலவைப் பொது நிதி ஏற்க வேண்டும் என்பதே சரியான நிலைப்பாடு. அது நடக்கும்வரை, வீட்டில் ஒருவருக்கு மட்டும் போட வசதி இருந்தால், இப்பட்டியலில் உள்ளவரே முதலாவது.

மாரி உச்சத்துக்கு முன் பாதுகாப்பு வேண்டுமானால் ஒக்டோபருக்குள் ஊசி போட்டிருக்க வேண்டும். அதற்காகப் போகும்போது, சென்ற தடவை வைத்தியசாலையில் கொடுத்த நோய் அட்டை, எக்ஸ்ரே படங்கள், எடுக்கும் குளிசைகளின் உறைகள், வீட்டில் பாவிக்கும் பம்ப் எல்லாவற்றையும் ஒரு பையில் கொண்டுபோகலாம். வைத்தியரின் முன்னிலையில் பம்பை ஒருதடவை எடுத்துக் காட்டினால், முறை பிழையா என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.